ஓடையில் எவ்வளவு தண்ணீர் வரும்?

(வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், ராயகிரியில் நடந்த குறுவளமையக் கூட்டத்தில் தொடக்க, உயர்நிலை வகுப்பு ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



கணக்கை ஊரோடு சேர்த்துக் கற்பிப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். நம் பள்ளிக்கும் பிள்ளைகளின் வீட்டுக்கும் நடுவே ஓர் ஓடை இருக்கிறது. பெருமழை பெய்தால் அதில் அதிகபட்சம் எவ்வளவு தண்ணீர் வரும்? எவ்வளவு நேரத்தில் வரும்?

பாலம் கட்டும் பொறியாளர் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். குளத்துக்கு மறுகால் கட்டிய நம் முன்னோரும் இதைத்தான் கேட்டிருக்க வேண்டும். இதற்கு விடை காணப் பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் பாதித் தூரம் போய்விடலாம். அடுக்குக்குறியும் நிகழ்தகவும் தெரிந்தால் மீதித் தூரமும் போய்விடலாம். எல்லாமே நம் பாடப்புத்தகத்தில் உள்ள கணக்குகள்தான்.

இங்கிருந்து மேற்கே பார்த்தால் மலை தெரிகிறது. முகட்டுக்கு அந்தப் பக்கம் விழும் மழை கேரளத்துக்குப் போகிறது. இந்தப் பக்கம் விழுவது ஓடைகளில் இறங்கி, குளங்களை நிரப்பி, வைப்பாற்றுப் படுகை வழியாக மன்னார் வளைகுடாவுக்குப் போகிறது. தென்மேற்குப் பருவமழையை மலை தடுத்துக்கொள்வதால் நமக்குப் பெரிய மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். ஆண்டின் பெரும்பகுதி ஓடை காய்ந்தே கிடக்கிறது. ஆபத்தே அதனால்தான். எப்போதும் ஓடும் ஆற்றைக் கண்டு பிள்ளைகள் பயப்படுவார்கள். காய்ந்த ஓடையைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை. அதில் கிரிக்கெட் விளையாடுகிறார்கள்.

ஒரு மில்லிமீட்டர் என்பது எவ்வளவு?

செய்தித்தாளில் சிவகிரியில் இத்தனை மில்லிமீட்டர், சங்கரன்கோவிலில் இத்தனை மில்லிமீட்டர் என்று மழையளவு வருகிறது. காலை 8.30 மணி முதல் மறுநாள் காலை 8.30 மணி வரை பெய்த மழையின் அளவு அது. பிள்ளைகளிடம் அதை வாசிக்கச் சொல்கிறோம். அந்த எண் எதைச் சொல்கிறது என்று கேட்டால் பதில் வராது.

ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் அது ஒரு லிட்டர். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை நூறு செ.மீ., நூறு செ.மீ., பத்தில் ஒரு செ.மீ. என்று பெருக்கியே இதைக் கண்டுபிடித்துவிடும். இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானே வரும்.

2023 டிசம்பர் 18 காலை வரையிலான 24 மணி நேரத்தில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை பெய்தது. எல்லாருக்கும் நினைவிருக்கும். ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு ரயில் நின்றுபோன மழை அது. 95 செ.மீ. என்றால் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 950 லிட்டர். ஒரு சதுர கிலோமீட்டரில் 95 கோடி லிட்டர். இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினால் வகுப்பு அமைதியாகிவிடும்.

அதே மழையில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 950 மில்லிமீட்டரை 24 மணி நேரத்தால் வகுத்தால் சராசரி மணிக்கு ஏறத்தாழ 40 மில்லிமீட்டர். ஐப்பசி மாத மாலையில் இடியோடு அரை மணி நேரம் கொட்டும் மழையின் வேகம் இந்தச் சராசரியைத் தாண்டிப்போவதுண்டு. மொத்த மழை வேறு, மழையின் வேகம் வேறு. பொறியாளர்கள் வேகத்தைச் செறிவு என்பார்கள். சமவெளியில் குளங்கள் நிறைந்து கரை உடைவதற்கு மொத்த மழை காரணம். மலையடி ஓடை திடீரென்று பொங்குவதற்குச் செறிவு காரணம். காயல்பட்டினத்தில் பெய்தது ஒரு நாள் முழுக்க விடாமல் பெய்தது. நம் ஓடைக்கு அவ்வளவு வேண்டாம். அரை மணி நேரம் போதும்.

மணி அடித்ததும் வாசலில் கூட்டம்

ஏன் அரை மணி நேரம் போதும் என்பதை நம் பள்ளி வாசலை வைத்தே விளக்கலாம்.

சாயங்காலம் மணி அடித்ததும் வாசலுக்குப் பக்கத்திலுள்ள வகுப்பு முதலில் வெளியே போகிறது. கடைசிக் கட்டடத்துப் பிள்ளைகள் மூன்று நிமிடம் கழித்து வாசலுக்கு வருகிறார்கள். முதல் வகுப்பு ஒரே நிமிடத்தில் வெளியேறிவிட்டால் இரண்டும் வாசலில் சந்திப்பதில்லை, நெரிசல் இல்லை. எல்லா வகுப்புகளிலிருந்தும் பிள்ளைகள் விடாமல் வந்துகொண்டே இருந்தால், கடைசிக் கட்டடத்துப் பிள்ளை வாசலைத் தொடும் அந்த மூன்றாவது நிமிடத்தில்தான் நெரிசல் உச்சத்தை எட்டும்.

ஓடையும் அப்படித்தான். மலை முகட்டில் விழுந்த துளி நம் தாம்போதிக்கு வந்துசேர ஒரு நேரம் ஆகும். அதைச் சேரும் நேரம் என்று வைத்துக்கொள்வோம். அவ்வளவு நேரம் மழை விடாமல் பெய்தால், நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதும் ஒரே சமயத்தில் தாம்போதிக்குத் தண்ணீர் அனுப்பும். அதுதான் உச்ச வெள்ளம். இந்தக் கருத்தை 1851-ஐ ஒட்டி அயர்லாந்துப் பொறியாளர் தாமஸ் மல்வனி எழுதி வைத்தார். உலகமெங்கும் சிறு பாலங்களுக்கும் வடிகால்களுக்கும் இன்றும் இதன் அடிப்படையில்தான் கணக்குப் போடுகிறார்கள்.

சேரும் நேரத்தைக் கணிக்க 1940-இல் வெளியான கிர்பிச் சூத்திரம் உண்டு. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்துச் சிறு நீர்ப்பிடிப்புகளை அளந்து பெற்றது. ஓடையின் நீளத்தை மீட்டரில் எடுத்து அதன் 0.77 அடுக்கைக் காண வேண்டும். சரிவின் மைனஸ் 0.385 அடுக்கைக் காண வேண்டும். இரண்டையும் பெருக்கி, 0.0195-ஆல் பெருக்கினால் நிமிடங்களில் விடை வரும். சரிவு என்பது மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் உள்ள உயர வேறுபாட்டை நீளத்தால் வகுத்தது. கைப்பேசியிலுள்ள கணிப்பானே போதும்.

ஓர் எடுத்துக்காட்டு. மலையில் தொடங்கும் ஓடை, நீளம் 4 கிலோமீட்டர், உயர வேறுபாடு 600 மீட்டர். சரிவு 0.15. விடை 24 நிமிடம். அதே 4 கிலோமீட்டர் ஓடை சமவெளியில் வெறும் 20 மீட்டர் இறங்கினால் சரிவு 0.005, விடை 89 நிமிடம். நீளம் ஒன்றுதான். மலையோடை நமக்குக் கொடுப்பது ஒரு பாடவேளையை விடக் குறைந்த நேரம்.

எட்டாம் வகுப்பில் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி கேட்டாள். "சார், எங்க தெருவுல மழையே பெய்யல. ஓடையில மட்டும் எப்படி சார் தண்ணி வந்துச்சு?" இந்தக் கேள்விக்கான விடையை ஒவ்வொரு பிள்ளையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். மழைமானி ஊரில் இருக்கிறது. மேகம் மலையில் நிற்கிறது. கீழே வெயில் அடிக்கும்போதே மேலே பெய்த மழை இறங்கி வந்துவிடும்.

நம் மாவட்டத்திலேயே, 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் அதுதான் நடந்தது. பருவமழைக் காலமே இல்லை, கோடை மழை. மேலே பெய்த மழையில் அருவியில் திடீரென்று வெள்ளம் வந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் சிதறி ஓடினார்கள். பள்ளி மாணவர் ஒருவர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். நம்மில் பலர் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போகும் இடம் அது. அருவிக்கு மேலே உள்ள நீர்ப்பிடிப்பு சிறியது, செங்குத்தானது. அப்படிப்பட்ட இடத்தில் சேரும் நேரம் நிமிடங்களில்தான் இருக்கும்.

உச்ச வெள்ளத்தின் கணக்கு

இப்போது அளவுக்கு வருவோம். விழும் மழையெல்லாம் ஓடைக்கு வருவதில்லை. ஒரு பங்கை மண் குடிக்கிறது, ஒரு பங்கு இலையிலும் பள்ளத்திலும் தங்குகிறது. வழிந்தோடும் பங்கைப் பொறியாளர்கள் ஒரு கெழுவாகச் சொல்வார்கள். சிமெண்டுத் தளத்தில் அது 0.8-லிருந்து 0.95. உழுத நிலத்தில் 0.3-லிருந்து 0.5. நல்ல காட்டில் 0.1-லிருந்து 0.3.

மணிக்கு ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு சதுர கிலோமீட்டரில் பெய்தால் மணிக்கு 1,000 கன மீட்டர். 3,600-ஆல் வகுத்தால் விநாடிக்கு 0.278 கன மீட்டர். ஆகவே:

உச்ச வெள்ளம் = 0.278 × வழிந்தோடும் பங்கு × மழைச் செறிவு × பரப்பு

0.278 என்ற எண்ணை மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். அது எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். அலகு மாற்றப் பாடத்துக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

நம் எடுத்துக்காட்டு ஓடையின் பரப்பு 4 சதுர கிலோமீட்டர் என்போம். சேரும் நேரமான 24 நிமிடத்துக்கு மழைச் செறிவு மணிக்கு 60 மில்லிமீட்டர், வழிந்தோடும் பங்கு 0.4 என்று வைப்போம். 0.278 × 0.4 × 60 × 4 = 26.7. விநாடிக்கு 26.7 கன மீட்டர். செய்தித்தாள் மொழியில் சுமார் 940 கன அடி. 12,000 லிட்டர் தண்ணீர் லாரி இரண்டுக்கு மேல், ஒவ்வொரு விநாடியும் வந்து கொட்டுவது போல.

தாம்போதியில் தண்ணீர் 10 மீட்டர் அகலத்துக்குப் போகிறது, வேகம் விநாடிக்கு 2.5 மீட்டர் என்று வைத்தால் ஆழம் 26.7-ஐ 25-ஆல் வகுத்தது. ஒரு மீட்டருக்குச் சற்று அதிகம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் மார்பளவு. காலையில் அந்தப் பிள்ளை செருப்புகூட நனையாமல் நடந்து வந்த இடம் அது.

வேகத்தை நானாக வைக்கவில்லை. அதற்கு மானிங் என்ற இன்னொரு அயர்லாந்துக்காரர் 1889-இல் சொன்ன சூத்திரம் இருக்கிறது. ஒரு மீட்டர் ஆழமும், நூற்றுக்கு ஒன்று சரிவும், கல்லும் செடியும் உள்ள ஓடையில் அது விநாடிக்கு 2-லிருந்து 2.5 மீட்டர் வரை தருகிறது.

சென்னை மாகாணத்துச் சூத்திரம்

நம் மண்ணுக்கென்றே ஒரு பழைய சூத்திரமும் உண்டு. 1884-இல் சென்னை மாகாணத்துக்காக ரைவ்ஸ் என்ற பொறியாளர் கொடுத்தது. மழையை அளக்க வேண்டாம்; பரப்பு மட்டும் தெரிந்தால் போதும். பரப்பின் மூன்றில் இரண்டு அடுக்கை ஒரு கெழுவால் பெருக்க வேண்டும். கிழக்குக் கடற்கரையிலிருந்து 80 கிலோமீட்டருக்குள் கெழு 6.8, 80 முதல் 160 கிலோமீட்டர் வரை 8.5; மலையை ஒட்டிய பகுதிகளுக்கு 10.2. பரப்பு சதுர கிலோமீட்டரில், விடை விநாடிக்குக் கன மீட்டரில்.

நம் 4 சதுர கிலோமீட்டருக்கு, 4-இன் மூன்றில் இரண்டு அடுக்கு 2.52. 10.2-ஆல் பெருக்கினால் 25.7. முந்தைய முறையில் 26.7 வந்தது. இரண்டும் பக்கத்தில் வந்துவிட்டதே என்று மகிழ்ந்துவிடக் கூடாது. செறிவையும் வழிந்தோடும் பங்கையும் எடுத்துக்காட்டுக்காக நாமே வைத்தோம். இரண்டும் ஒரே அளவில் நிற்கின்றன, ஒன்று 25 என்றும் மற்றது 250 என்றும் சொல்லவில்லை என்பதுவரைதான் நிம்மதி. இரு வழிகளில் கணக்கிட்டு ஒப்பிடும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கு இங்கே ஊட்டலாம்.

மூன்றில் இரண்டு என்ற அடுக்கில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. பரப்பு 1, 8, 64 என்று போட்டுப் பாருங்கள். உச்ச வெள்ளம் 10.2, 40.8, 163.2 என்று வரும். பரப்பு எட்டு மடங்கானால் வெள்ளம் நான்கு மடங்குதான் ஆகிறது. ஒரு சதுர கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று வகுத்தால் 10.2, 5.1, 2.55. நீர்ப்பிடிப்பு சிறுக்கச் சிறுக்க, ஒவ்வொரு சதுர கிலோமீட்டரும் அனுப்பும் வெள்ளம் பெருகுகிறது. காரணம் எளிது. பெரிய ஆற்றின் படுகை முழுவதிலும் ஒரே வேகத்தில் மழை பெய்வதில்லை. கிளைகளின் வெள்ளமும் ஒரே நேரத்தில் வந்து சேர்வதில்லை. சின்ன ஓடையில் எல்லாம் ஒன்றாக வருகிறது. தாமிரபரணிக்கு வெள்ள எச்சரிக்கை உண்டு. பெயர்கூட இல்லாத ஓடைக்கு அறிவிப்பு எதுவும் வராது. அங்கே எச்சரிக்கை நாம்தான்.

தவறக்கூடிய கணக்கை ஏன் போட வேண்டும்?

கணக்கு ஆசிரியர்கள் கேட்பீர்கள்: செறிவையும் பங்கையும் ஊகித்துவிட்டு வரும் விடையை எப்படி நம்புவது? நியாயமான கேள்வி.

ஊகத்தை மாற்றிப் பார்ப்போம். செறிவு 50, பங்கு 0.3 என்றால் 16.7. செறிவு 80, பங்கு 0.6 என்றால் 53.4. மூன்று மடங்கு வேறுபாடு. பாலம் கட்டுபவருக்கு இது பெரிய வேறுபாடு. அவர் இன்னும் நுணுக்கமான தரவு தேட வேண்டும். இந்த எளிய முறையைச் சிறு நீர்ப்பிடிப்புகளுக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்றும், 50 சதுர கிலோமீட்டருக்கு மேல் கொண்டுபோகக் கூடாது என்றும் பாடநூல்கள் சொல்கின்றன.

நம் முடிவு என்ன ஆகிறது என்று பாருங்கள். குறைந்த விடையான 16.7-ஐ எடுத்துக்கொண்டாலும் தாம்போதியில் தண்ணீர் முக்கால் மீட்டரை நெருங்குகிறது. பிள்ளையின் தொடைக்கு மேல். அந்தத் தண்ணீரின் விசையையும் கணக்கிடலாம். 40 செ.மீ. ஆழம்தான், வேகம் விநாடிக்கு 2 மீட்டர்தான் என்று வைப்போம். இரண்டு கால்களின் அகலம் சேர்த்து 20 செ.மீ. என்றால், தள்ளுவிசை ஏறத்தாழ 16 கிலோ எடைக்குச் சமம். வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்கு. முப்பது கிலோ எடையுள்ள பிள்ளையால் நிற்க முடியாது. புத்தகப்பையோடு சேர்த்தாலும் முடியாது. 17 ஆனாலும் 53 ஆனாலும் பிள்ளையை அனுப்பக் கூடாது என்ற முடிவு மாறவில்லை. மதிப்பீடு என்ற பாடத்தின் பயன் இதுதான். விடை துல்லியமாக இல்லாமலேயே சரியான முடிவெடுக்கலாம். எந்த முடிவுக்கு எவ்வளவு துல்லியம் தேவை என்று கேட்கப் பழகிய பிள்ளை, தசமப்புள்ளிக்குப் பின் ஆறு இலக்கம் எழுதும் பிள்ளையைவிட அதிகம் கற்றிருக்கிறது.

வழிந்தோடும் பங்கு எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அக்டோபரின் முதல் மழையைக் காய்ந்த மண் குடித்துவிடும். நவம்பர் கடைசியில் மண் ஊறிக் கிடக்கும். அதே மழை, அதே ஓடை, ஆனால் வெள்ளம் கூடுதல். "போன மாசம் இதைவிடப் பெரிய மழை பெஞ்சுச்சு, ஓடையில ஒண்ணும் வரலையே" என்று சொல்லிப் பெரியவர்களும் ஏமாறுவது இங்கேதான். நிலத்தின் பயன்பாடு மாறினாலும் பங்கு மாறும். மரம் குறைந்து, தளம் போட்ட இடம் கூடினால் 0.4 என்பது 0.6 ஆகலாம், 26.7 என்பது 40 ஆகும். பழைய குளத்தின் மறுகால் அதே நீளத்தில்தான் இருக்கிறது. அந்த மறுகாலும் ஒரு மதிப்பீடுதான். பல தலைமுறை மழையைப் பார்த்தவர்கள் கல்லில் கட்டி வைத்த மதிப்பீடு. அதை அடைத்து மீன் பிடிப்பதும், அதன் பாதையில் கட்டடம் எழுப்புவதும் ஏன் தவறு என்று இப்போது எண்ணால் சொல்லலாம். மேலேயுள்ள ஒரு குளம் உடைந்தால் அதன் தண்ணீர் மொத்தமும் அடுத்த குளத்தின் கரையில் போய் மோதும்.

இன்னொரு சொல்லையும் விளக்க வேண்டும். 25 ஆண்டு வெள்ளம் என்று செய்தியில் வந்தால், போன ஆண்டு வந்துவிட்டது, இனி 24 ஆண்டு பயமில்லை என்று நினைக்கிறார்கள். ஓர் ஆண்டில் அது வருவதற்கான நிகழ்தகவு 25-இல் 1 என்பதுதான் பொருள். போன ஆண்டு வந்தது இந்த ஆண்டின் வாய்ப்பைக் குறைக்காது. ஒரு பிள்ளை ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் 12 ஆண்டுகளில் ஒருமுறையாவது அது வரும் வாய்ப்பு என்ன? 0.96-ஐ 12 முறை பெருக்கி ஒன்றிலிருந்து கழித்தால் 0.39. ஐந்தில் இரண்டு. நாணயத்தையும் பகடையையும் விட்டு ஒருநாள் இந்தக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள்.

வகுப்பில் என்ன செய்யலாம்?

தொடக்க வகுப்புகளில் மழையளவோடு நிறுத்திக்கொள்ளலாம். மேலும் கீழும் ஒரே அகலமுள்ள ஒரு பாத்திரம், ஓர் அளவுகோல். திறந்த வெளியில் வைத்துவிட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நீர்மட்டத்தைக் குறிக்க வேண்டும். பத்து நிமிடத்தில் 10 மில்லிமீட்டர் என்றால் மணிக்கு 60 மில்லிமீட்டர் வேகம். இடி மின்னல் இருந்தால் அன்றைக்கு வேண்டாம்.

ஆறாம் வகுப்புக்கு மேல் பள்ளிக் கூரையே ஆய்வுக்கூடம். மழைநீர் சேகரிப்பு 2003-இல் கட்டாயமானதிலிருந்து கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் எல்லாப் பள்ளிகளிலும் இருக்கிறது. 6 மீட்டர் அகலம், 8 மீட்டர் நீளமுள்ள கூரை 48 சதுர மீட்டர். மணிக்கு 60 மில்லிமீட்டர் வேகத்தில் பெய்தால் விநாடிக்கு 0.8 லிட்டர் விழ வேண்டும். 15 லிட்டர் வாளி 19 விநாடியில் நிறைய வேண்டும். உண்மையில் 21 விநாடி ஆனால், 19-ஐ 21-ஆல் வகுத்தால் 0.9. கூரையின் வழிந்தோடும் பங்கைப் பிள்ளைகளே அளந்துவிட்டார்கள்.

எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளில் ஊர் ஓடைக்குப் போகலாம். கூகுள் எர்த்திலோ இஸ்ரோவின் புவன் தளத்திலோ மேட்டு வரம்பைத் தொட்டுக் கோடு வரைந்தால் நீர்ப்பிடிப்புப் பகுதி கிடைக்கும். அதை வரைபடத்தாளில் எடுத்துக் கட்டங்களை எண்ணினால் பரப்பு. நூலை ஓடையின் வளைவில் வைத்து அளந்தால் நீளம். சமூக அறிவியல் ஆசிரியரும் கணக்கு ஆசிரியரும் சேர்ந்து எடுக்க வேண்டிய பாடம் இது.

ஓடைக்கு நேரில் போவது கோடையில் மட்டும், காய்ந்திருக்கும்போது மட்டும், பெரியவர்களோடு மட்டும். தூணிலும் முள்மரத்திலும் செத்தை தங்கியிருக்கும் உயரத்தை அளந்து வாருங்கள். போன வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்பதற்கு ஓடையே எழுதி வைத்த குறிப்பு அது. ஓடையோரம் ஆடு மேய்க்கும் தாத்தாவிடம் கேட்டால் அதற்கு முந்தைய குறிப்பும் கிடைக்கும். கணக்கில் வந்த ஆழத்தை அதோடு ஒப்பிடட்டும். ஒத்துவராவிட்டால் எந்த ஊகம் தவறு என்று வகுப்பில் பேசட்டும்.

ஓர் அட்டை

கடைசியாக ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் கடக்கும் ஒவ்வோர் ஓடைக்கும் ஓர் அட்டை தயாரித்து, மழைக்காலம் தொடங்கும் முன் தலைமையாசிரியர் அறையில் மாட்டுவோம். அதில் ஐந்தே விவரங்கள் போதும். ஓடையின் பெயர். நீர்ப்பிடிப்பின் பரப்பு. சேரும் நேரம். உச்ச வெள்ளத்தில் தாம்போதியின் மேல் வரக்கூடிய ஆழம். அதைக் கடந்து போகும் பிள்ளைகளின் பெயர்களும் பெற்றோரின் கைப்பேசி எண்களும்.

பள்ளி விடும் நேரத்தில் மேற்கே மலை கறுத்திருந்தால் அந்த அட்டையைப் பார்ப்போம். சேரும் நேரம் 24 நிமிடம், பிள்ளை ஓடையை எட்ட 20 நிமிடம் என்றால், நாம் அனுப்பும் பிள்ளையும் மலையிலிருந்து இறங்கும் வெள்ளமும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் தாம்போதிக்குப் போகும். பள்ளியில் ஒரு துளி விழாமல் இருந்தாலும் அப்படித்தான். அன்றைக்கு அந்தப் பிள்ளைகளை மட்டும் நிறுத்தி வைப்போம். மலையில் மழை ஓய்ந்து, குறைந்தது அந்தச் சேரும் நேரமாவது கடந்து, தண்ணீர் வடிந்துவிட்டதைப் பெரியவர் ஒருவர் கண்ணால் பார்த்துச் சொன்ன பிறகே அனுப்புவோம். பெற்றோருக்கு ஒரு போன் போதும்.

மாவட்ட ஆட்சியர் விடுமுறை அறிவிப்பது மாவட்டம் முழுவதற்குமான மழையைப் பார்த்து. ஒரு மலையடி ஓடையில் ஒரு மாலை வரும் வெள்ளம் அந்த அறிவிப்பில் இருக்காது. அதைக் கணக்கிடத் தெரிந்தவர்கள் அந்த ஓடைக்குப் பக்கத்திலேயே சாக்பீஸோடு நிற்கும் நாம்தான்.

கட்டம் போட்ட தாளும் நூலும் கொண்டுவந்திருக்கிறேன். தேநீருக்குப் பிறகு, ஒவ்வொரு பள்ளியும் தன் ஓடையை வரைந்து முதல் மூன்று விவரங்களை இன்றைக்கே நிரப்பிவிடலாம். ஆழத்தை ஊருக்குப் போய் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.